ஒரு பிஸ்கட், நூற்று எழுபத்து மூன்று கலோரி

பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். ஆற்றல் இவ்வளவு, புரதம் இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் போட்டிருப்பார்கள். பத்துப் பேரில் ஒருவர் படித்தால் பெரிய விஷயம். அந்த எண்கள் தானாக வந்து உட்காரவில்லை. யாரோ ஒருத்தி அந்த பிஸ்கட்டை அரைத்து, காயவைத்து, எரித்து, கரைத்துக் கண்டுபிடித்தவை அவை. எங்கள் ஊர்க் கடைகளில் இருக்கும் பாக்கெட்டுகளில் பாதிக்கு அந்த ஒருத்தி எங்கள் டெசிமல் அக்காதான்.

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். கண்ணாடிக் குடுவை கழுவும் வேலைக்கு வந்தவள், மாலை வகுப்பில் படித்து, குடுவைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் வேலைக்கு உயர்ந்தாள். பெயர் வந்த கதை சின்னது. புதிதாக வந்த ஒருவர் கொழுப்பு பதினெட்டு என்று எழுதி நீட்டினார். "பதினெட்டுப் புள்ளி என்ன? புள்ளிக்கு அப்புறம் இருக்கறதை எலி தின்னுடுச்சா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து டெசிமல். முகத்துக்கு நேராக அப்படிக் கூப்பிட்டாலும் கோபப்படமாட்டாள். அவளுக்குக் கோபம் வரும் விஷயங்கள் வேறு. உதாரணமாக, பிள்ளை இல்லையா என்று யாராவது கேட்டால் அவள் பார்க்கிற பார்வையில் பால் திரிந்துவிடும்.

எனக்கு அவளுக்கு எதிர் மேஜை. பத்தொன்பது வருடமாக அவள் தலையின் வகிடு அகலமாவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வேலையில் இரண்டு விதிகளை யாரும் மீறமுடியாது. எந்த முடிவும் ஒற்றைக் கையெழுத்தோடு வெளியே போகாது. செய்தவர் ஒன்று போடவேண்டும், சரிபார்த்தவர் ஒன்று போடவேண்டும். அக்கா செய்வதற்கெல்லாம் இரண்டாவது கையெழுத்து என்னுடையது. மற்றொன்று, எழுதியதை அழிக்கக்கூடாது. ரப்பர் கிடையாது, வெள்ளை மை கிடையாது. தப்பாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இருக்கும் தப்பு தெளிவாகப் படிக்கத் தெரியவேண்டும். பக்கத்தில் சரியான எண்ணும் சுருக்கக் கையெழுத்தும் தேதியும். தப்பு செய்ததை மறைக்கிறவனைவிடத் தப்பு செய்தவன் மேல் என்பது எங்கள் தொழிலின் நியாயம். வெளியில் அது செல்லுபடியாகிறதா என்று எனக்குத் தெரியாது.

அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் ஆசிரியர். கற்றுத்தரும் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் என்பதால் பிரேக் மாஸ்டர் என்று பெயர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். எழுபத்தெட்டுக் கிலோ. வாயைத் திறந்தால் கிண்டல். "எங்க வீட்டுல சாப்பாடுன்னு ஒண்ணு கிடையாதும்மா, எல்லாம் சாம்பிள்தான்" என்பார். அக்கா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, "ரிசல்ட் நாளைக்குச் சொல்றேன்" என்று எழுந்து போவார். அவள் கரண்டியைத் தூக்குவாள். இப்படியே இருபத்தாறு வருடம் ஓட்டிவிட்டார்கள்.

போன வருடம் அவருக்கு ரொட்டி தொண்டையில் நின்றது. அப்புறம் சாதம் நின்றது. அப்புறம் தண்ணீரே யோசித்து யோசித்து இறங்கியது. உணவுக்குழாயில் கட்டி. மருந்து ஏற்றிச் சுருக்கினார்கள். கட்டி சுருங்கியதோடு மாமாவும் சுருங்கிப்போனார். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப் போனபோது அவர் எடை நாற்பத்தாறு கிலோ எண்ணூறு கிராம்.

அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் சுற்றி வளைக்காத மனிதர்.

"அம்பது கிலோவுக்குக் கீழே இருந்தா நான் கத்தியைத் தொட மாட்டேன். உடம்பு தாங்காது. அஞ்சு வாரம் இருக்கு. வயித்துல சின்னதா ஒரு குழாய் வெச்சு நேரா சத்து குடுக்கலாம். என்னைக் கேட்டா அதுதான் நல்லது."

குழாய் என்ற வார்த்தையைக் கேட்டதும் மாமாவின் முகம் செத்துவிட்டது. அக்கா அந்த முகத்தைப் பார்த்தாள்.

"குழாய் வேண்டாம் டாக்டர். வாய் வழியாவே நான் ஏத்திடறேன். எனக்கு இதுதான் தொழிலே."

"சரி, ரெண்டு வாரம் பாருங்க. ஏறலைன்னா ஒரு நாள்கூட தள்ளிப்போடாம வந்துடுங்க" என்றார் டாக்டர்.

எனக்கு இதுதான் தொழிலே. அந்த வார்த்தையை அவள் எவ்வளவு பெருமையாகச் சொன்னாள் என்பது இன்னும் என் காதில் இருக்கிறது. நானும் பக்கத்தில் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அதையும் சொல்லிவிடவேண்டும்.

அந்த வாரம் அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். வெண்ணெய் கலந்த சூப், முட்டை அடித்த பால், மசித்த உருளைக்கிழங்கு. மாமா இரண்டு வாய் வாங்கிக் கையைத் தூக்கிவிடுவார். வெள்ளிக்கிழமை எங்கள் கூடத்துக்கு ஒரு பேக்கரியிலிருந்து ஓட்ஸ் திராட்சை பிஸ்கட் இருபத்துநாலு பாக்கெட் வந்தது. புதுச் சரக்கு, கட்டத்தில் போட எண்கள் வேண்டும். உள்ளங்கை அகலம், நாற்பது கிராம், ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. பரிசோதனைக்குப் போக மிச்சத்தை நாங்கள் பங்குபோட்டுக்கொள்வது வழக்கம். அக்கா ஒரு பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு சாப்பிட்டார்டி! பால்ல ஊறவெச்சுக் குடுத்தேன். ரெண்டு! சாப்பிட்டுட்டு, இன்னும் இருக்கான்னு கேட்டார்."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். பத்தொன்பது வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த பிஸ்கட்டைப் பரிசோதித்ததும் அவளே. நூறு கிராமுக்குப் புரதம் 6.20, கொழுப்பு 17.60, மாவுச்சத்து 64.50, அதில் நார்ச்சத்து 4.10. ஆற்றல் 433 கலோரி. ஒரு பிஸ்கட்டுக்கு 173. நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். பேக்கரிக்காரர்கள் அதையே பாக்கெட்டில் அச்சடித்தார்கள். அக்கா ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டாள்: தேதி, பிஸ்கட், கலோரி, திங்கட்கிழமை எடை. மற்ற பால், சூப்பெல்லாம் இருக்கிற உடம்பைத் தாங்குவதற்கு. தினம் நாலு பிஸ்கட் உடம்பை ஏற்றுவதற்கு. வாரத்துக்கு அறுநூறு கிராமுக்கு மேல் ஏறவேண்டும். ஐந்து வாரத்தில் ஐம்பதைத் தொட்டுவிடலாம். கணக்கு கண்ணாடி மாதிரி இருந்தது.

காலையில் தட்டில் நாலு பிஸ்கட்டும் ஒரு டம்ளர் பாலும் மேஜைமேல் வைத்துவிட்டு வேலைக்கு வருவாள். சாயங்காலம் போனால் தட்டு காலி. நாலு என்று எழுதுவாள், 692 என்று எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருக்கும்போது மட்டும் அவர் தொடமாட்டார். "வாரம் பூரா வேலை பார்த்த வயித்துக்கு ஒரு நாள் லீவு குடு தாயே" என்பாராம். அக்கா இதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். நானும் சிரித்தேன். எனக்கு மூளை இருந்த இடத்தில் அன்றைக்கு என்ன இருந்ததோ.

முதல் திங்கட்கிழமை நாற்பத்தாறரை. ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்றாள். இரண்டாவது திங்கட்கிழமை நாற்பத்தாறு கிலோ நூறு. இரண்டு வாரம் முடிந்துவிட்டது. டாக்டர் சொன்ன கெடு.

வேறு எந்த வீடாக இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். அக்கா எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மூட்டை நிறுக்கும் எங்கள் தராசில் இருபது கிலோ எடைக்கற்களை வைத்து, வீட்டு மெஷினிலும் வைத்து, ஒப்பிட்டுப் பார்த்தாள். மெஷின் சரியாக இருந்தது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது அப்படி. எதிர்பார்த்தது வரவில்லையா, முதலில் கருவியைச் சந்தேகப்படு. கருவி சரியா, அடுத்து மாதிரியைச் சந்தேகப்படு.

மாதிரி என்றால் பிஸ்கட்.

"பாக்கெட் அச்சடிச்சதுக்கு அப்புறம் வெண்ணெயைக் குறைச்சிருப்பாங்க" என்றாள். "இல்லைன்னா திராட்சை. ஒரு பிஸ்கட்டுல ஆறு இருக்கு, இன்னொண்ணுல பதினொண்ணு இருக்கு. அவருக்குப் போறதெல்லாம் ஆறு இருக்கறதா இருக்கும்."

மூன்று கடைகளில் பதினெட்டுப் பாக்கெட் வாங்கிவந்தாள். எல்லா பிஸ்கட்டையும் நாலாக வெட்டி, உறையவைத்து அரைத்தாள். உறையவைக்காமல் அரைத்தால் திராட்சை களிம்பு மாதிரி பிளேடில் ஒட்டிக்கொண்டு ஆட்டம் காட்டும். ஈரத்தைக் காயவைத்து எடுத்தாள், கொழுப்பை இறக்கினாள், புரதம் பார்த்தாள், சாம்பலை நிறுத்தாள். நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் வீட்டில் தட்டு காலியாகிக்கொண்டிருந்தது.

முடிவு 431. பேக்கரிக்காரன் ஒரு குற்றமும் செய்யவில்லை.

மூன்றாவது திங்கட்கிழமை நாற்பத்தைந்து கிலோ அறுநூறு. அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து செய்தாள். இந்தத் தடவை புதிய ரசாயனம், புதிய வடிதாள், வேறு அடுப்பு. 434. அன்றைக்கு நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டபோது எனக்குத் தெரிந்துவிட்டது. மெஷின் சரி. பிஸ்கட் சரி. மிச்சம் இருக்கிற ஆள் ஒருவர்தான்.

எனக்கு வாய் நீளம் என்று கூடமே சொல்லும். மேலதிகாரியை முகத்துக்கு நேராக நறுக்கென்று கேட்டவள் நான். அன்றைக்கு அந்த வாயைத் திறக்க முடியவில்லை. அவள் விரல்கள் பேனாவைப் பிடித்திருந்த விதம் அப்படி. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்குப் போய்ப் பார்த்தால் அவள் மூன்றாவது தடவை பிஸ்கட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். நாலாவது திங்கட்கிழமை நாற்பத்தைந்து.

மூன்றாவது முடிவு ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. 433. முதல் தடவை வந்த அதே எண். அக்கா அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

"வீட்டுக்குப் போகணும். நீயும் வா. தனியாப் போக எனக்குத் தெம்பு இல்லை."

பத்தரை மணிக்கு அவள் குடியிருக்கும் மாடிக்கு ஏறினோம். கதவு சாத்தியிருந்தது, பூட்டியிருக்கவில்லை. வாசலில் நீளத் துடைப்பமும் தண்ணீர் வாளியும் இருந்தன. உள்ளே சமையலறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது. கரகரப்பாக, ஆனால் அந்தப் பழைய வாத்தியார் குரல்.

"அவசரப்படாதே. மெதுவா மெல்லு. இப்ப என்ன ருசி வருது?"

"இனிப்பா இருக்கு சார்."

"இனிப்புன்னு எனக்குத் தெரியாதா? கடைசியில லேசா உப்பு வருதா? நாக்கோட ஓரத்துல?"

"ஆமா சார், வருது."

"திராட்சை?"

"கடிச்சா உள்ள சாறு இருக்கு. ஒண்ணு பல்லுல ஒட்டிக்கிச்சு."

"அப்படிச் சொல்லு! பல்லுல ஒட்டறதைச் சொல்லாம விட்டியே" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது.

நாங்கள் உள்ளே போனோம். சுவரில் தலையணையை முட்டுக்கொடுத்து மாமா சாய்ந்திருந்தார். எதிரே முக்காலியில், அந்தக் கட்டடத்தின் படிக்கட்டு கூட்டும் அம்மா, நீல மேல்சட்டையோடு. ஒல்லியான ஆள். தட்டில் இரண்டு பிஸ்கட் மிச்சம் இருந்தன. கையில் அரை பிஸ்கட். எங்களைப் பார்த்ததும் அந்த அம்மா பதறி எழுந்தாள்.

"அக்கா... சார்தான் தினமும் கூப்பிட்டுக் குடுப்பாரு. டாக்டர் அவருக்கு இனிப்பு கூடாதுன்னுட்டாரு, வாங்கினது வீணாப் போகுதுன்னாரு. நான் கேட்டதே இல்லக்கா."

"நீங்க உக்காருங்க. கையில இருக்கறதைச் சாப்பிட்டு முடிங்க" என்றாள் அக்கா.

அந்த அம்மா எப்படிச் சாப்பிடுவாள்? அதைத் தட்டில் வைத்துவிட்டு, சுவரோரமாகவே நகர்ந்து வெளியே போய்விட்டாள்.

அக்கா முக்காலியில் உட்கார்ந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்ட மாமா வழக்கம்போல ஏதாவது கிண்டலாகச் சொல்லப் பார்த்தார். வரவில்லை.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"முதல் நாளைக்கு மறுநாளிலிருந்து."

"முதல் நாள் சாப்பிட்டீங்களே?"

"சாப்பிட்டேன். சத்தியமா சாப்பிட்டேன். நல்லாவும் இருந்தது. மறுநாள் ஒரு வாய் உள்ள போச்சு, அப்படியே திரும்பி வந்துடுச்சு. அதுக்கப்புறம் பால்தான். அதுவும் பாதி."

"ஏங்க சொல்லலை? ரெண்டு வாரத்துல வாங்கன்னாரே அந்த மனுஷன். குழாய் வெச்சிருந்தா இந்நேரம்..."

மாமா தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு சொன்னார்:

"சாயங்காலம் வந்ததும் அந்த நோட்டை எடுப்பே. நாலுன்னு எழுதுவே. எழுதும்போது ஒரு பாட்டு முணுமுணுப்பே பாரு. கல்யாணமான புதுசுல கேட்டது. அதுக்கப்புறம் இப்பத்தான் கேக்கறேன். நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு இருந்தேன். சாயங்காலம் ஆனா நீ பாட ஆரம்பிச்சுடுவே."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஓங்கி அல்ல, மெதுவாக, இரண்டு தடவை. "ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் பிரேக் போட்டீங்களே, என்னைப் பிடிச்சு நிறுத்த ஒரு வார்த்தை வரலையா உங்களுக்கு" என்றாள். அவர் கையை நீட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். நான் வாசலுக்கு வந்து அந்தத் துடைப்பத்தின் பக்கத்தில் நின்றுகொண்டேன். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. யார்மேல் என்று கேட்டால், பாதி என்மேல்.

அன்று மத்தியானமே ஆஸ்பத்திரி. எடை நாற்பத்துநாலு கிலோ இருநூறு. குழாய் வைத்தார்கள். மாமா பயந்த அளவுக்கு அது ஒன்றுமில்லை. சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. அக்காவே மணிக்கணக்காக உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக ஏற்றினாள். எடை இறங்குவது நின்றது, இரண்டு வாரத்தில் முந்நூறு கிராம் ஏறவும் ஏறியது. ஆனால் கட்டி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அது சும்மா இருந்த வாரங்களை நாங்கள் பிஸ்கட் அரைப்பதில் செலவழித்துவிட்டோம். புது ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் ஃபைலை மூடினார். "முன்னாடியே வந்திருந்தா" என்று ஆரம்பித்து, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர்.

மாமா அதற்குப் பிறகு ஒன்பது வாரம் இருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அக்கா பல் விளக்கிவிட்டு வருவதற்குள் போய்விட்டார். எப்போதும் போலப் பின்னால் இருந்து ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே திரும்பினாளாம்.

பதினைந்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போனேன். வீடு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மருந்துகளையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தாள். எடை மெஷின் மட்டும் கதவுக்குப் பின்னால் நின்றது. டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது வாசலில் நிழல் தெரிந்தது. படிக்கட்டு கூட்டும் அம்மா. உள்ளே வராமல் நின்றாள்.

"அக்கா, எனக்கு ராத்திரியில தூக்கம் இல்ல. ஒரு மனுஷனைப் பொழைக்க வைக்கற சாப்பாட்டை நான் தின்னுருக்கேன். தெரியாமத்தான் தின்னேன். ஆனா தின்னது நான்தானே."

அக்கா அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தாள். அந்த அம்மா மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். துப்புரவு வேலை செய்கிறவர்களுக்கு அவ்வப்போது உடம்பைப் பரிசோதித்து எழுதித் தரும் அட்டை.

"இதைப் பாத்தா எனக்குத் தின்னதுதான் ஞாபகம் வருது. நீங்களே வெச்சுக்குங்க."

அக்கா அட்டையைப் பார்த்தாள். மாமாவுக்கு பிஸ்கட் ஆரம்பிப்பதற்கு முந்தின வாரம் ஒரு தேதி: எடை 41.0. நாங்கள் கையும் களவுமாகப் பிடித்ததற்கு மறுநாள் இன்னொரு தேதி: 43.0. பக்கத்தில் நர்ஸ் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதியிருந்தாள்.

அக்கா உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தாள். பேனாவால் ஓரத்தில் கணக்குப் போட்டாள். வாரத்துக்கு ஆறு நாள், தினம் நாலு, ஒன்றுக்கு நூற்று எழுபத்து மூன்று.

"ரெண்டு கிலோ நூறு ஏறியிருக்கணும். ரெண்டு கிலோ ஏறியிருக்கு" என்றாள். "மீதி நூறு கிராம் படிக்கட்டுல போயிருக்கும்."

படிக்கட்டு அம்மா புரியாமல் விழித்தாள்.

"நீங்க ஒரு தப்பும் பண்ணலை. உங்க உடம்புல ஒட்டியிருக்கு. அங்கயாவது ஒட்டிச்சே. இந்த அட்டையை நீங்களே வெச்சுக்கணும். வேலை முடிஞ்சதும் தினம் இங்க வாங்க. ரெண்டு பேரா டீ குடிக்கலாம்" என்று அட்டையை அவள் பையிலேயே திணித்தாள். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கிப்போனாள்.

அப்புறம் அக்கா நோட்டின் ஒவ்வொரு வரியாகப் போனாள். அடிக்கோல் வைத்து, 4 என்பதன்மேல் ஒரு கோடு; பக்கத்தில் 0. 692 என்பதன்மேல் ஒரு கோடு, பக்கத்தில் 0. சுருக்கக் கையெழுத்து, தேதி. அடுத்த வரி. கோட்டுக்குக் கீழே பழைய எண்கள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. முடித்துவிட்டு நோட்டை என் பக்கம் திருப்பினாள்.

"ரெண்டாவது கையெழுத்து" என்றாள்.

பேனாவை வாங்கினேன். அதைக் கீழே வைத்தேன். இதற்குமேல் அந்தப் பொய்யைச் சுமக்க என்னால் முடியவில்லை.

"அக்கா, எனக்கு ரெண்டாவது டெஸ்ட் முடிஞ்சப்பவே தெரியும். மாமா சாப்பிடலைன்னு. உன்கிட்ட சொல்லாம விட்டுட்டேன். நான் அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு வாரமாவது மிச்சமாகியிருக்கும்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு முதல் டெஸ்டுலயே தெரியும்டி" என்றாள். "இருபத்திரண்டு வருஷம் இதே வேலை. நானூத்து முப்பத்தொண்ணு வந்தப்பவே தெரியாதா? ஆனா டெஸ்ட் நடந்துட்டு இருக்கற வரைக்கும் அவர் சாப்பிடறார். ரிசல்ட் வந்துட்டா அவர் சாப்பிடலை. அதான் இன்னொண்ணு போட்டேன். அப்புறம் இன்னொண்ணு."

சொல்லிவிட்டு மேஜைமேல் குனிந்து, வாய்விட்டு, குழந்தை மாதிரி அழுதாள். நானும் அழுதேன். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை மறுபடியும் இழுத்தாள். கோடு விழாத வரி ஒன்றே ஒன்று இருந்தது, முதல் பக்கத்தில், முதல் வரி. அந்த வெள்ளிக்கிழமைத் தேதி. பிஸ்கட் 2. கலோரி 346. அவள் விரலை அதன்மேல் வைத்தாள்.

"இது சரிதானே? சாப்பிட்டேன்னு சத்தியம் பண்ணினாரே. நீயும்தானே கேட்டே?"

"கேட்டேன்க்கா."

"அப்ப முதல்ல இதுக்குப் போடு" என்றாள். நான் போட்டேன்.